நடந்த தூரம் பாதையில் ஏறவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

விடிகாலையில் மதுரைத் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறோம். அந்தத் தூரத்தைப் போன் செயலியில், எங்கோ இருக்கும் ஒரு நெடும்பாதையின் கணக்கில் ஏற்றிக்கொண்டே போகிறோம். எங்கள் குழுவில் சிலருக்கு அது மதுரையிலிருந்து பழனி, சுமார் 120 கிலோமீட்டர். சிலர் ராமேஸ்வரம் எடுத்திருக்கிறார்கள், அது சுமார் 170. மற்றவர்களுக்கு அமெரிக்காவின் அப்பலாச்சியன் பாதை. ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையில் தொடங்கி, 14 மாநிலங்களைக் கடந்து, மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலையில் முடிகிற பாதை, ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர். தினம் ஐந்து கிலோமீட்டர் நடந்தால் 700 நாள்.

குழுவுக்குக் கணக்கு எழுதுவது நான். "அண்ணே, நேத்து நாலு ரவுண்டு போனேன், ஒண்ணுமே ஏறலண்ணே" என்று யாராவது போனை நீட்டாத வாரம் கிடையாது. ஏறாத தூரத்தைக் குத்துமதிப்பாகக் கையால் போட்டுவிடலாம்தான். ஆனால் அப்படிப் போட ஆரம்பித்தால், வரைபடத்தில் நிற்கும் புள்ளி நம் கால் போய் நின்ற இடமாக இருக்காது. எண் எங்கே தொலைந்தது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் முதல் மரியாதை. கையால் எழுதுவது அதற்கப்புறம்.

எந்தக் கோளாறானாலும் முதலில் மூன்று இடம்

நடை மூன்று கை மாறித்தான் பாதைக்குப் போகிறது. முதல் கை, போனிலோ கைக்கடிகாரத்திலோ உள்ள உணரி. அதுதான் ஸ்டெப்பை எண்ணுகிறது. இரண்டாவது, எல்லாக் கணக்கும் வந்து சேரும் பொது இடம். ஆண்ட்ராய்டில் ஹெல்த் கனெக்ட், ஐபோனில் ஹெல்த். மூன்றாவது, நீங்கள் பாதை ஓட்டும் செயலி.

நேற்றைய ஸ்டெப் எண்ணிக்கையை இந்த மூன்று இடத்திலும் பார்த்து ஒரு தாளில் எழுதுங்கள். முதல் இடத்திலேயே எண் குறைவாக இருந்தால் உணரியின் பிரச்சினை, அல்லது போன் உங்களோடு வரவில்லை. முதலில் சரியாக இருந்து இரண்டாவதில் இல்லையென்றால் அனுமதிப் பிரச்சினை. இரண்டிலும் இருந்து பாதையில் மட்டும் இல்லையென்றால் சிங்க் (ஒரு இடத்துக் கணக்கை இன்னொரு இடத்துக்கு இழுத்துச் சேர்ப்பது), தேதி, அலகு இந்த மூன்றில் ஒன்று. இதைப் பார்க்காமல் செயலியை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுகிறவர்கள்தான் அதிகம். அதில் பழைய கணக்கும் சேர்ந்து போய்விடும் ஆபத்து இருக்கிறது. அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: அதிகாலை நடை முந்தைய நாளில் விழுகிறது, அல்லது பாதி காணாமல் போகிறது

மதுரையில் நடக்கிறவர்களுக்கு இதுதான் பெரிய தொல்லை. ஏனென்றால் நாம் வெயிலுக்குப் பயந்து நாலே முக்காலுக்கெல்லாம் இறங்கிவிடுகிறோம்.

சில பாதைச் செயலிகளின் சர்வர், ஒவ்வொரு நாளையும் உலகப் பொது நேரப்படி பிரிக்கிறது. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது. அங்கே தேதி மாறும்போது இங்கே காலை 5:30. ஆக, 4:45-க்குத் தொடங்கி 5:45 வரை நீங்கள் நடந்தால், முதல் முக்கால் மணி நேரம் நேற்றைய தேதியிலும், கடைசிக் கால் மணி நேரம் மட்டும் இன்றைய தேதியிலும் விழும்.

மொத்தம் மாறாது என்றால் விட்டுவிடலாம். ஆனால் இரண்டு இடத்தில் உண்மையாகவே நட்டம் வரும். ஒன்று, பாதையைத் தொடங்கிய முதல் நாள். அன்று 5:30-க்கு முன் நடந்தது தொடக்கத் தேதிக்கு முந்தியதாகிவிடுவதால் சேராது. இன்னொன்று, நேற்றைய கணக்கைச் செயலி ஏற்கெனவே இழுத்து மூடியிருந்தால், பிறகு வந்து சேரும் முக்கால் மணி நேர நடையைத் திரும்பிப் பார்க்காது. அது அப்படியே போய்விடும். தொடர்ந்து இத்தனை நாள் நடந்தீர்கள் என்று காட்டும் வரிசை அறுந்துபோவதற்கும் பல நேரம் இதுவே காரணம்.

சோதிப்பது சுலபம். ஒரு நாள் 5:40-க்குக் கிளம்புங்கள். அன்றைக்கு மட்டும் எல்லாம் சரியாக ஏறினால் நோய் இதுதான். முதலில் செயலியின் கணக்குப் பகுதியில் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று மாற்றிப் பாருங்கள். நம் நேரம் அந்தப் பெயரில்தான் இருக்கும். அந்த வசதி இல்லாத செயலி என்றால், நடந்து முடிந்த உடனே, 5:30 தாண்டியதும், செயலியைத் திறந்து கையால் ஒருமுறை சிங்க் கொடுங்கள். அது முந்தைய நாளையும் புதுப்பிக்கிறதா என்று இரண்டு மூன்று நாள் கவனியுங்கள். அதுவும் கேட்கவில்லையென்றால், நாள்வாரிக் கணக்கை விட்டுவிட்டு வார மொத்தத்தை மட்டும் நம்புங்கள். ஹெல்த் கனெக்டின் வார மொத்தத்தையும் செயலியின் வார மொத்தத்தையும் ஞாயிற்றுக்கிழமை ஒப்பிட்டு, குறைகிற தூரத்தைக் கையால் சேர்த்துவிடுங்கள். அது ஊகமில்லை, அளந்து கண்ட குறை.

அறிகுறி: தூரம் தப்பு, ஆனால் எப்போதும் ஒரே மாதிரித் தப்பு

இதற்கு விகிதம் பாருங்கள். செயலி காட்டும் தூரத்தை உண்மையான தூரத்தால் வகுங்கள்.

விடை 1.6 பக்கம் வந்தால் மைலும் கிலோமீட்டரும் குழம்பியிருக்கிறது. ஒரு மைல் 1.609 கிலோமீட்டர். 0.62 பக்கம் வந்தாலும் அதே குழப்பம்தான், திசைதான் மாறியிருக்கிறது. அமெரிக்கப் பாதை எடுத்தவர்களுக்கு அதிகம் வரும், அங்கே எல்லாமே மைல். செயலியில் அலகை மாற்றினால் முடிந்தது. ஆனால் அதற்கு முன் கையால் போட்ட எண்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். 5 என்று போட்டது ஐந்து மைலாகப் பதிந்திருக்கலாம்.

விடை 2-க்குப் பக்கத்தில் வந்தால் இரட்டைக் கணக்கு. அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

விடை 0.85, 1.1, 1.15 என்று வந்தால் உங்கள் எட்டின், அதாவது ஒரு ஸ்டெப்பின், நீளம் தப்பாக இருக்கிறது. இதில் கொஞ்சம் நிற்க வேண்டும். குழுக் கணக்கைச் சரிபார்த்தபோது நான் கண்ட பிழைகளில் பாதிக்கு மேல் இதுதான்.

ஜி.பி.எஸ். ஓடாதபோது தூரத்தை யாரும் அளப்பதில்லை. ஸ்டெப் எண்ணிக்கையை ஒரு எட்டின் நீளத்தால் பெருக்குகிறார்கள், அவ்வளவுதான். அந்த நீளத்தை நீங்கள் சொல்லாவிட்டால், செயலி உங்கள் உயரத்தை வைத்து ஊகிக்கும். உயரத்தில் சுமார் 41 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. உயரமும் சொல்லாவிட்டால் பொத்தாம்பொதுவாக ஒன்றை வைத்துக்கொள்ளும். புடவை கட்டி, செருப்புப் போட்டு, பேசிக்கொண்டே நடக்கிறவர்களின் எட்டு அந்த ஊகத்தைவிடச் சின்னது.

நீளத்தை அறிய, தூரம் தெரிந்த ஒரு தரை வேண்டும். எனக்கு அது தெப்பக்குளம். 1645-இல் திருமலை நாயக்கர் வெட்டிய குளம் அது, ஏறத்தாழ 305 மீட்டருக்கு 290 மீட்டர். சுற்றளவு 1,190 மீட்டர் வருகிறது. நாம் நடப்பது மதிலுக்கு வெளியே நடைபாதையில் என்பதால் இன்னும் கூடும். எவ்வளவு கூடுகிறது என்பதைச் சைக்கிள் சக்கரத்தை வைத்து அளந்தேன். டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, சக்கரம் ஒருமுறை உருண்டால் எத்தனை மீட்டர் என்று தரையில் பார்த்தேன், 2.21 வந்தது. பிறகு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே கோடு கீழே வருவதை எண்ணினேன். ஒரு சுற்றுக்கு 560. ஆக 1,238 மீட்டர். 1,240 என்று வைத்துக்கொள்கிறேன். நான் எண்ணியது நடைபாதையின் நடுவில் போய். நீங்கள் ஓரமாக நடக்கிறவர் என்றால் நீங்களே ஒருமுறை தள்ளிப் பாருங்கள்.

இப்போது அந்தச் சுற்றை உங்கள் வழக்கமான வேகத்தில் ஒருமுறை நடந்து ஸ்டெப்பைப் பாருங்கள். எங்கள் குழுவில் ஒரு அக்காவுக்கு 2,066 வந்தது. 1,240 மீட்டரை அதால் வகுத்தால் ஒரு எட்டு 60 சென்டிமீட்டர். செயலி வைத்திருந்தது 70. ஒவ்வொரு சுற்றுக்கும் 200 மீட்டர் கூடுதலாக ஏறிக்கொண்டிருந்தது. அப்படியே விட்டிருந்தால், 3,500 முடிந்தது என்று செயலி சொல்லும் அன்று அவர் நடந்திருப்பது 3,000 தான். மீதி 500 கிலோமீட்டர் என்பது மதுரையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்பும் தூரம்.

அக்கா கேட்டார், "அப்ப இதுவரைக்கும் ஏறினதையும் குறைச்சிருவீங்களா?" குறைத்தோம். அன்று அவர் முகம் வாடியது உண்மை. மறுநாள் அவரே சொன்னார், "இப்பத்தான் இது என்னோட எடம்."

ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் நடக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 400 மீட்டர் என்பது தடகளப் பாதையின் உள்வரிசைக்கு மட்டும். வெளியே ஒவ்வொரு வரிசை தள்ளும்போதும் சுமார் 7.7 மீட்டர் கூடும். எட்டாவது வரிசையில் ஒரு சுற்று 450-ஐத் தாண்டிவிடும். எந்த வரிசையில் நடந்தீர்கள் என்று தெரியாமல் சுற்றை எண்ணுவதில் பயனில்லை.

அறிகுறி: இரட்டிப்பாக ஏறுகிறது

போனும் கடிகாரமும் ஒரே நடையைத் தனித்தனியாகப் பொது இடத்தில் எழுதுகின்றன. ஹெல்த் கனெக்டும் ஐபோன் ஹெல்த்தும் எதை முதலில் நம்புவது என்று ஒரு வரிசை வைத்து ஒன்றை மட்டும் காட்டும். ஆனால் அதைப் பார்க்காமல் எல்லாப் பதிவையும் அள்ளிக் கூட்டும் செயலிகள் இருக்கின்றன. ஆகவே அந்த வரிசையில் கடிகாரத்தை மேலே கொண்டுவருவதோடு நிறுத்தாமல், போனின் ஸ்டெப் எழுதும் அனுமதியையே எடுத்துவிடுங்கள். எண்ணுவது ஒன்று போதும்.

நடை நேரத்துக்கு மட்டும் இரட்டிப்பாகி, மற்ற நேரம் சரியாக இருந்தால் வேறு காரணம். நீங்கள் 'வாக்' என்று தொடங்கிப் பதிவுசெய்த தூரமும், அதே நேரத்து ஸ்டெப்பும் சேர்ந்து ஏறுகின்றன. பாதைச் செயலியில் இரண்டில் ஒன்றைத் தேர்வு செய்யுங்கள். சமையலறையிலும் கடையிலும் நடப்பதும் சேர வேண்டும் என்றால் ஸ்டெப்பை வையுங்கள், காலை நடை மட்டும் போதும் என்றால் பதிவை வையுங்கள். எங்கள் குழுவில் நடப்பதற்காகவே கிளம்பிய நடை மட்டும்தான் பாதைக்கு. இது எங்கள் முடிவு, உங்களுக்கு வேறாக இருக்கலாம். ஆனால் நடுவில் மாற்றாதீர்கள்.

அறிகுறி: நடக்காத நேரத்தில் ஸ்டெப்

பத்தரை மணிக்கு 900 ஸ்டெப் காட்டுகிறது, அந்த நேரத்தில் நீங்கள் வண்டியில் சிம்மக்கல் போய்க்கொண்டிருந்தீர்கள். தோண்டிப்போட்ட ரோட்டில் இருசக்கர வண்டி குலுங்குவது, ஷேர் ஆட்டோ குலுங்குவது இரண்டையும் உணரி நடையென்று எடுத்துக்கொள்ளும். மணிவாரி வரைபடத்தைத் திறந்து அந்தப் பதிவை மட்டும் நீக்குங்கள். தினமும் வருகிறது என்றால் வண்டி ஓட்டும்போது போனைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துச் சீட்டுக்கு அடியில் வைத்து, குறைகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: நடந்தும் ஸ்டெப் ஏறவில்லை

பையில் போன், கையில் பை, கடிகாரக் கையால் தள்ளுவண்டியையோ குழந்தை வண்டியையோ பிடித்திருக்கிறீர்கள் என்றால் கை வீச்சு இல்லை, கடிகாரம் எண்ணாது. போனைக் கால்சட்டைப் பையிலோ இடுப்பிலோ வைத்து அதை எண்ண விடுங்கள். கூட்டத்தில் ஊர்ந்து நடப்பதும் அப்படித்தான். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதியில் மூன்று மணி நேரம் நடந்துவிட்டு, எண்ணிக்கை பாதிகூட இல்லையே என்று கேட்பார்கள். காலைத் தேய்த்துத் தேய்த்து வைக்கும் நடையை உணரி பிடிப்பதில்லை. அதற்கு மருந்து கிடையாது.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் 2018 முதல் போன் கொண்டுபோக முடியாது. உள்ளே ஆடி வீதிகளில் சுற்றி வந்தது எதுவும் ஏறாது. கோயிலின் வெளிமதில் 254 மீட்டருக்கு 237. மதிலுக்கு உள்ளே நாலு ஆடி வீதியும் சுற்றி வந்தால் 900 மீட்டர் பக்கம் வரும். நான் ஒரு சுற்றுக்கு 900 என்று கையால் எழுதிக்கொள்கிறேன். வெளியே சித்திரை வீதியில் சுற்றினால் ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். அங்கே போன் கையில் இருக்கும், அதுவே எண்ணட்டும்.

இது எதுவும் இல்லாமல், நேற்றுவரை எண்ணிய போன் இன்று எண்ணவில்லை என்றால் அனுமதியைப் பாருங்கள். ஆண்ட்ராய்டு 10-லிருந்து ஸ்டெப்பைப் படிக்க 'பிசிக்கல் ஆக்டிவிட்டி' என்று தனி அனுமதி வேண்டும். சில மாதம் திறக்காத செயலியின் அனுமதிகளைப் போனே பிடுங்கிக்கொள்ளும். ஊருக்குப் போய்த் திரும்பி, காய்ச்சலில் படுத்து எழுந்து, மறுபடி நடக்கத் தொடங்குகிறவர்களுக்கு இது நடக்கும். செட்டிங்ஸில் அந்தச் செயலிக்குள் போய் பெர்மிஷனை மறுபடி கொடுங்கள். அப்படியே 'பேட்டரி' என்ற இடத்தில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' வையுங்கள். திரை அணைந்ததும் பின்னால் ஓடும் செயலியை நிறுத்திவிடும் போன்கள் நிறைய. திரை எரியும்போது எண்ணுகிறது, பையில் போட்டால் நிற்கிறது என்றால் சந்தேகமே வேண்டாம்.

போனை அணைத்துப் போட்ட அன்று எண் விழுந்தாலோ தாவினாலோ, அதுவும் தெரிந்த விஷயம்தான். ஆண்ட்ராய்டு உணரியின் எண்ணிக்கை, போனை மறுபடி போடும்போது பூஜ்யத்திலிருந்து தொடங்கும். நல்ல செயலி அதைச் சமாளிக்கும். சமாளிக்காத செயலியில் அணைப்பதற்கு முன் ஒரு சிங்க்.

அறிகுறி: ஜி.பி.எஸ். கோடு கோணல்மாணல்

நத்தம் ரோட்டு மேம்பாலத்துக்கு அடியில் நடக்கிறவர்களுக்கு இது வரும். ஏழு கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாலம், அடியில் வானம் தெரியாது. கோடு அறுந்து, மறுபடி கிடைக்கும் இடத்துக்கு நேர்கோடாக இழுத்துவிடும், அல்லது இரண்டு பக்கமும் தாவித் தாவித் தூரத்தைப் பெருக்கும். மாசி வீதிகளுக்கு நடுவே உள்ள குறுகலான சந்துகளிலும் அப்படித்தான். இந்த இடங்களில் ஜி.பி.எஸ்.ஸை விட்டுவிட்டு, நீளம் சரிசெய்த ஸ்டெப்பை நம்புங்கள்.

டீக்கடையில் பத்து நிமிஷம் நின்றாலும் புள்ளி நின்ற இடத்தில் நிற்காது. சுற்றிச் சுற்றி நூறு மீட்டர் சேர்த்துவிடும். நிற்கும்போது பதிவைத் தானாக நிறுத்தும் வசதியைப் போட்டுவைத்தால் போதும். இடத் தகவலில் 'ப்ரிசைஸ்' அணைந்திருந்தால் கோடு மொத்தமும் பயனில்லாமல் போகும், ஆண்ட்ராய்டு 12-க்குப் பிறகு வந்த போன்களில் அதையும் ஒருமுறை பாருங்கள்.

அறிகுறி: நடந்தும் சதவீதம் குறைந்துவிட்டது

பாதையின் நீளத்தைத் திருத்தியிருப்பார்கள். அப்பலாச்சியன் பாதையில் வழி மாற்றம் நடந்துகொண்டே இருப்பதால் அதன் அதிகாரப்பூர்வ நீளம் ஆண்டுக்கு ஆண்டு சில மைல் மாறும். உங்கள் கிலோமீட்டர் அப்படியே இருக்கும், அதை மட்டும் பாருங்கள். தானே பாதை போட்டவர்கள், வரைபடத்தில் நேர்கோடு இழுத்து அளந்தீர்களா, ரோட்டு வழியா என்பதைச் சரிபார்க்கவும். நேர்கோடு எப்போதும் குறைத்துத்தான் காட்டும்.

அறிகுறி: போன் மாற்றியதும் பழையது காணோம்

எனக்கு இது நடந்தது. 212 கிலோமீட்டர் போய்விட்டது. நோட்டில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மொத்தத்தை எழுதிவைத்திருந்ததால் திரும்ப ஏற்ற முடிந்தது. செயலிக் கணக்கில் உள்நுழைந்துதான் பயன்படுத்துகிறீர்களா, வெறும் போனில் மட்டும் ஓடுகிறதா என்பதை இன்றே பாருங்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும்: தேதி, வார மொத்தம், பாதையில் நிற்கும் இடம்.

அறிகுறி: எல்லா எண்ணும் சரி, ஆனால் நகரவே இல்லை போல் இருக்கிறது

இதையும் கோளாறாகத்தான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நடையை நிறுத்தியவர்களில் அதிகம் பேர் இதில்தான் நிறுத்தினார்கள்.

3,500-ஐ ஒரே கோடாகப் பார்த்தால் ஒரு நாள் நடை கண்ணுக்கே தெரியாது. மாநிலம் மாநிலமாக வெட்டுங்கள். ஜார்ஜியாப் பகுதி சுமார் 126 கிலோமீட்டர், நமக்குப் பழனிப் பாதயாத்திரைத் தூரம். ஒரு மாதத்துக்குள் முடியும். சிக்கல் வர்ஜீனியாவில். பாதையில் கால் பங்கு, சுமார் 885 கிலோமீட்டர், அந்த ஒரே மாநிலத்தில் கிடக்கிறது. நம் வேகத்தில் ஆறு மாதம். அங்கே உண்மையாக நடக்கிறவர்களுக்கும் வர்ஜீனியாவில் மனம் சோர்ந்துபோகும், அதற்கு அவர்களிடம் தனிப் பெயரே உண்டு. எனவே அங்கே மாநிலம் போதாது, அடுத்த ஊர், அடுத்த பாறை என்று குறி வையுங்கள். பழைய ஆட்கள் மைல்கல்லை எண்ணி நடந்த மாதிரி.

60 சென்டிமீட்டர் அக்கா இப்போது வர்ஜீனியாவில்தான் இருக்கிறார், 1,096-வது கிலோமீட்டரில். அடுத்த குறி மெக்கஃபி நாப், பள்ளத்தாக்குக்கு மேலே நாக்கு நீட்டிய மாதிரி நிற்கும் பாறை, சுமார் 1,150-இல். தெப்பக்குளத்தில் தினம் நாலு சுற்று, நாலுக்கு 4.96 கிலோமீட்டர். பதினொரு நாள். "அன்னைக்கு அந்தப் பாறை போட்டோவைப் பிரிண்ட் போட்டுக் கொண்டாங்கண்ணே" என்று சொல்லியிருக்கிறார். ஸ்டூடியோவில் சொல்லிவைத்துவிட்டேன்.